சிஎச்341ஏ கருப்பு புரோகிராமர்: நின்றுபோன ரவுட்டருக்காக வாங்கலாமா?

ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது ரவுட்டரில் பவர் லைட் மட்டும் எரிகிறது. இந்த நிலையில் உதவி தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் "சிஎச்341ஏ வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதுதான். ரவுட்டரின் ஃபர்ம்வேர் இருக்கும் ஃப்ளாஷ் சிப்பைக் கணினியிலிருந்து நேரடியாகப் படித்து எழுதும் புரோகிராமர் கருவி இது. விரல் நீளக் கருப்புப் பலகை, ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் நெம்புகோல் வைத்த பச்சை சாக்கெட். கூடவே ரிப்பன் வயரோடு எட்டுக்கால் கிளிப், இரண்டு மூன்று குட்டி அடாப்டர் பலகைகள். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் பாக்கெட்டைப் பிரித்த கையோடு ரவுட்டரில் மாட்டக்கூடாது. அதைவிட முக்கியமாக, இதை வாங்க நினைக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இது தேவையே இல்லை. அதனால் தேவையில்லாதவர்களை முதலில் பிரித்துவிடுவோம்.

சாதாரண அப்டேட், ஃப்ளாஷ் சிப்பின் தொடக்கத்தில் இருக்கும் பூட்லோடரை, அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடி மற்றதை எழுப்பும் சிறு நிரலை, தொடுவதில்லை. அதற்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் 64 கேபி துண்டுகளாக அழித்து எழுதுகிறது. பாதியில் நின்றால் அந்தப் பகுதிதான் அரைகுறையாகும். பூட்லோடர் உயிரோடுதான் இருக்கும். அது உயிரோடு இருந்தால் ஒரு நெட்வொர்க் கேபிளே போதும்.

இந்தியாவில் எத்தனையோ வீடுகளில் இருக்கும் டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் பதிப்பு 9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு 192.168.0.66 என்ற முகவரியும் 255.255.255.0 என்ற மாஸ்க்கும் கையால் கொடுத்து, டிஎஃப்டிபிடி64 போன்ற ஒரு டிஎஃப்டிபி சர்வரை (கேட்கும் கோப்பை நெட்வொர்க்கில் அனுப்பும் எளிய நிரல்) ஓட்ட வேண்டும். கேபிளை ரவுட்டரின் லேன் துளையில் செருக வேண்டும். இணைய இணைப்பு வரும் வேன் துளையில் அல்ல. ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே பவர் கொடுத்து, டபிள்யூபிஎஸ் லைட் எரியும்வரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். அப்போது ரவுட்டர் 192.168.0.86 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, உங்கள் கணினியிடம் ஒரு குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைக் கேட்கும். எந்தப் பெயர் என்று குழம்ப வேண்டாம். சர்வரின் லாகைத் திறந்து வையுங்கள்; ரவுட்டர் கேட்கும் பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து தெரியும். ஃபர்ம்வேர் கோப்புக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

இந்த வழி தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, விண்டோஸ் ஃபயர்வால் யுடிபி 69-ஆம் போர்ட்டை அடைத்துவைத்திருக்கும். இரண்டு, ரவுட்டர் ஆன் ஆகும் கணத்தில் நெட்வொர்க் இணைப்பு விழுந்து எழுகிறது. விண்டோஸ் தன் முகவரியைத் திரும்ப ஏற்றுவதற்குள் ரவுட்டர் கேட்டு முடித்துவிடும். நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்ச் வைத்தால் கணினிப் பக்கத்து இணைப்பு விழாது, பிரச்சினை தீர்ந்தது. மூன்று, கோப்பே தவறு. டிபி-லிங்கின் பழைய மாடல்களுக்கான கோப்புப் பெயரில் 'பூட்' என்ற சொல் இருந்தால் அதற்குள் பூட்லோடரும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். முதல் 131584 பைட்டை, அதாவது 512 பைட் கொண்ட 257 துண்டுகளை, வெட்டி எறிந்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். 4 எம்பி ஃப்ளாஷ் உள்ள 841என் கோப்பை வெட்டிய பின் மிஞ்ச வேண்டியது சரியாக 3932160 பைட். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் ஏற்றாதீர்கள்.

பூட்லோடர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, நெட்வொர்க்கில் போவதையும் வருவதையும் காட்டும் வயர்ஷார்க் நிரலை ஓட்டிப் பாருங்கள். ரீசெட்டை அழுத்திப் பவர் கொடுத்ததும் "192.168.0.66 யாரிடம் இருக்கிறது?" என்று ஓர் ஏஆர்பி கேள்வி வந்தால், புரோகிராமர் வேண்டாம்.

மற்ற நிறுவனங்களும் தத்தம் வழியை வைத்திருக்கிறார்கள். ஆசஸ் ரவுட்டர்களில் ரீசெட்டைப் பிடித்தபடி ஆன் செய்தால் பவர் லைட் மெதுவாகச் சிமிட்டும். அவர்களுடைய ஃபர்ம்வேர் ரெஸ்டோரேஷன் மென்பொருள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நெட்கியருக்கு என்எம்ஆர்பிஃப்ளாஷ் என்ற இலவச நிரல் இருக்கிறது. லிங்சிஸின் பல மாடல்களில் ஃபர்ம்வேர் இரண்டு பிரதிகளாக இருக்கும். பூட் முடிவதற்குள் மூன்று முறை அணைத்து எழுப்பினால் மற்றப் பிரதிக்குத் தாவும். ஜிஎல்-ஐநெட் ரவுட்டர்கள் பூட்லோடரிலேயே 192.168.1.1 முகவரியில் ஒரு வலைப்பக்கம் வைத்திருக்கின்றன. மீட்பு வசதியைப் பார்த்து ரவுட்டர் வாங்குகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த ஜிஎல்-ஐநெட்டைத்தான்.

இனி, பூட்லோடரே போனவர்களுக்கு. 'பூட்' கோப்பை வெட்டாமல் அப்படியே வேறு ஃபர்ம்வேர் வழியாக ஏற்றியவர்கள், பூட்லோடரை மாற்றப்போய்ப் பாதியில் நின்றவர்கள், வேறு மாடலின் முழு ஃப்ளாஷ் பிரதியை எழுதியவர்கள். பட்டனும் கேட்காது, கேபிளும் பேசாது. சீரியல் கேபிள் மாட்டினாலும் திரையில் ஓர் எழுத்து வராது. சிப்பை வெளியிலிருந்து நேரடியாக எழுதுவது ஒன்றுதான் வழி. அந்த வேலைக்காகத்தான் இந்தக் கருப்புப் பலகை.

இதன் பெரிய குறை வோல்டேஜ். ரவுட்டரில் இருக்கும் 25 வரிசை ஃப்ளாஷ் சிப்புகளில் பெரும்பாலானவை, உதாரணமாக வின்பாண்ட் டபிள்யூ25கியூ32, 64, 128, எல்லாம் 3.3 வோல்ட்டில் ஓடுபவை. பலகையில் யுஎஸ்பியின் 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் இருக்கிறது. சாக்கெட்டின் விசிசி கால், அதாவது சிப்புக்கு மின்சாரம் தரும் கால், 3.3 வோல்ட்தான் கொடுக்கிறது. அதை மட்டும் அளந்துபார்த்து "சரியாக இருக்கிறது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் சிஎச்341ஏ சிப்புக்கே யுஎஸ்பியின் 5 வோல்ட் போகிறது. அதனால் டேட்டா கால்களில் வருவதும் ஏறக்குறைய 5 வோல்ட். பலகையைச் செருகி, சாக்கெட்டில் 25 வரிசை சிப் மாட்டும் பக்கத்தில் கிரவுண்டுக்கும் 1, 5, 6 கால்களுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். எந்தக் காலிலும் விசிசியைவிட 0.4 வோல்ட்டுக்கு மேல் கூடக்கூடாது என்பது வின்பாண்ட் டேட்டாஷீட்டில் உள்ள உச்ச வரம்பு. ஃப்ளாஷ் சிப் பல சமயம் இதைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் கிளிப் மாட்டும்போது அதே வயர்களின் மறுமுனையில் ரவுட்டரின் பிராசசர் இருக்கிறது. அது தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

திருத்தம் பெரிய வேலை இல்லை, சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியவர்களுக்குக் கால் மணி நேரம். சிஎச்341ஏவின் 28-ஆம் கால்தான் விசிசி. 1-ஆம் காலுக்கு நேர் எதிரே மூலையில் இருக்கும். அந்தக் காலைச் சூடாக்கி, மெல்லிய ஊசியால் பலகையிலிருந்து தூக்கிவிடுங்கள். ஏஎம்எஸ்1117-ன் அகலமான உலோக நாக்கும் அதன் நடுக்காலும் ஒன்றே, இரண்டிலும் 3.3 வோல்ட் வெளியேறுகிறது. நாக்கிலிருந்து ஒரு மெல்லிய வயரைத் தூக்கிய 28-ஆம் காலுக்கும், அங்கிருந்து 9-ஆம் காலுக்கும் இழுத்துச் சால்டர் செய்யுங்கள். 9-ஆம் காலை விட்டுவிடக்கூடாது, சிப்பை 3.3 வோல்ட்டில் ஓட்டினால் அந்தக் காலும் விசிசியோடு சேர வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு. மறுபடி அளந்து, எல்லாக் காலிலும் 3.3-ஐத் தாண்டவில்லை என்று பார்த்த பிறகே கிளிப்பைத் தொடுங்கள். சால்டர் செய்ய விருப்பமில்லை என்றால், வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் வைத்த பச்சைப் பலகையை வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் அந்தக் காசு சரியான இடத்தில் போகிறது. அதையும் அளந்துபார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

பாக்கெட்டில் வரும் கிளிப் இரண்டாவது குறை. வாய் சரியாக மூடாது, பற்கள் சறுக்கும், நான்கைந்து முறை மாட்டினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். அடிக்கடி இந்த வேலை செய்கிறவர்கள் பொமோனா 5250 கிளிப்பை வாங்கிவிடுவது நல்லது. ஒரே ஒரு ரவுட்டருக்கு அவ்வளவு செலவு வேண்டாம். இருக்கும் கிளிப்பைப் பொறுமையாகப் பயன்படுத்தலாம்.

எப்படி என்றால்: முதலில் ரவுட்டரின் அடாப்டர், நெட்வொர்க் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சிப்பின் முதுகை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்தால், மாடல் எழுத்தும் மூலையில் உள்ள சிறு வட்டக் குழியும் தெளிவாகத் தெரியும். அந்தக் குழி பக்கம்தான் 1-ஆம் கால். ரிப்பனின் சிவப்பு வயர் அந்தப் பக்கம் வர வேண்டும். கால்களின் மேல் வார்னிஷ் படிந்திருந்தால் அதையும் துடையுங்கள். கிளிப்பின் வாயை நன்றாகத் திறந்து, நேர் மேலிருந்து கீழே இறக்கி, சிப்பின் உடலைக் கவ்வும்வரை மெதுவாக அழுத்தி விடுங்கள். விரலை எடுத்த பிறகு கிளிப் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஏதோ ஒரு கால் தொடவில்லை. எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். கிளிப்பை மாட்டி முடித்த பிறகுதான் யுஎஸ்பியைச் செருக வேண்டும். செருகியதும் ஒரு விரலைச் சிப் அருகே வையுங்கள். சூடேறினால் திசை தலைகீழ், உடனே பிடுங்குங்கள்.

மென்பொருளுக்கு லினக்ஸில் ஃப்ளாஷ்ராம் என்ற நிரல் போதும், தனி டிரைவர் வேண்டாம். கருவி 1ஏ86:5512 என்ற அடையாளத்தில் தெரிய வேண்டும். 5523 என்று தெரிந்தால் பலகையில் உள்ள ஜம்பர் சீரியல் பக்கம் இருக்கிறது, மாற்றிப் போடுங்கள். விண்டோஸில் ஆஸ்புரோகிராமர் அல்லது நியோபுரோகிராமர் பயன்படுத்தலாம். அங்கே அடிக்கடி நடக்கும் தவறு சீரியலுக்கான சிஎச்341எஸ்ஈஆர் டிரைவரைப் போட்டுவிடுவது. இந்த வேலைக்கு வேண்டியது சிஎச்341பிஏஆர். விற்பவர் அனுப்பும் டவுன்லோட் இணைப்பில் உள்ள மென்பொருளைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது எழுதத் துடிக்காதீர்கள். முதலில் படியுங்கள். செத்துப்போன சிப்பாக இருந்தாலும் முழுதாக ஒரு முறை படித்துச் சேமியுங்கள், கிளிப்பைக் கழற்றி மாட்டி இரண்டாவது முறை படியுங்கள். இரண்டு கோப்பின் எம்டி5, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் தொடர்பு சரியில்லை. அந்த நிலையில் எழுதினால் குப்பைதான் ஏறும். முழுக்க பூஜ்யமோ முழுக்க எஃப்எஃப்போ (வெற்று ஃப்ளாஷில் இருக்கும் ஹெக்ஸ் மதிப்பு) வந்தாலும் கிளிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஃப்ளாஷ்ராம் ஒரே சிப்புக்கு இரண்டு மூன்று பெயர்களைக் காட்டி நின்றுவிட்டால் அது பிழை அல்ல. சிப்பின் முதுகில் உள்ள பெயரோடு பொருந்துவதை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பழைய பிரதி ஏன் இவ்வளவு முக்கியம்? 841என் பதிப்பு 9-ன் 4194304 பைட் சிப் மூன்று பகுதி. முதல் 131072 பைட் பூட்லோடர். நடுவில் 3997696 பைட் ஃபர்ம்வேர். கடைசி 65536 பைட் 'ஆர்ட்' எனப்படும் பகுதி. அந்த ஒரு ரவுட்டரின் வைஃபை ரேடியோவுக்குத் தொழிற்சாலையில் அளந்து எழுதிய கேலிபரேஷன் விவரம் அதில் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் அதற்குப் பிரதி கிடையாது. பூட்லோடர் பகுதியின் கடைசி 1 கேபியில், அதாவது 130048-ஆம் பைட்டிலிருந்து, ரவுட்டரின் நெட்வொர்க் அடையாளமான மேக் முகவரியும் மாடல் எண்ணும் டபிள்யூபிஎஸ் பின்னும் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒருவரின் முழு டம்ப்பை, அதாவது சிப்பிலிருந்து படித்த பிரதியை, எடுத்து அப்படியே எழுதினால் ரவுட்டர் எழுந்துவிடும். ஆனால் அவருடைய மேக் முகவரியோடும் அவருடைய ரேடியோவுக்கான கேலிபரேஷனோடும் எழும். வைஃபை பக்கத்து அறைக்கே போகவில்லை என்று பிறகு ஆன்டெனாவைக் குறை சொல்வதில் பயனில்லை.

சரியான வழி, உங்கள் டம்ப்பிலிருந்தே முழுக் கோப்பைத் தைப்பது. நிறுவனத்தின் 'பூட்' கோப்பில் முதல் 512 பைட்டைத் தாண்டி அடுத்த 131072 பைட்டை எடுத்தால் அதுவே பூட்லோடர். அதன் கடைசி 1 கேபியை உங்கள் டம்ப்பில் உள்ளதால் மாற்றுங்கள். அந்த இடமும் அழிந்திருந்தால், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து ஹெக்ஸ் எடிட்டரில் மேக் முகவரியின் ஆறு பைட்டைக் கையால் எழுதலாம். அடுத்து வெட்டிய 3932160 பைட் ஃபர்ம்வேர். அதற்கும் ஆர்ட் பகுதிக்கும் நடுவே 65536 பைட் இடைவெளி மிஞ்சும். அதை எஃப்எஃப்பால் நிரப்புங்கள். கடைசியில் உங்கள் டம்ப்பின் இறுதி 65536 பைட் அப்படியே. கூட்டினால் 4194304 வர வேண்டும். எழுதிய பின் ஃப்ளாஷ்ராம் தானே திரும்பப் படித்து ஒப்பிட்டு 'வெரிஃபைடு' என்று சொல்லும். அதைப் பார்க்காமல் கிளிப்பை எடுக்காதீர்கள்.

கிளிப் எல்லா ரவுட்டரிலும் ஒத்துழைக்காது. புரோகிராமர் கொடுக்கும் 3.3 வோல்ட் சிப்போடு நிற்காமல் ரவுட்டர் முழுக்கப் பரவுகிறது. பிராசசர் அரைத்தூக்கத்தில் எழுந்து தானும் ஃப்ளாஷோடு பேச ஆரம்பித்தால், ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வேறு வேறு விடை வரும். கிளிப் நன்றாகக் கவ்வியும் எம்டி5 பொருந்தவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அப்போது சிப்பின் 8-ஆம் காலை மட்டும் பலகையிலிருந்து தூக்கிவிட்டுக் கிளிப்பை மாட்டலாம், இல்லாவிட்டால் சிப்பையே கழற்றி அடாப்டர் பலகையில் வைத்து எழுதலாம். இரண்டாவது வழி வேலை அதிகம், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. சூடான காற்றால் சிப்பைக் கழற்றும் ஹாட் ஏர் கருவி இல்லாதவர்கள் முதல் வழியோடு நிற்கட்டும்.

இந்தக் கருவியால் ஆகாதவையும் இருக்கின்றன. நான்ட் என்ற வேறு வகை ஃப்ளாஷில், 48 கால் கொண்ட பேரலல் சிப் உள்ள ரவுட்டர்களுக்கு இது உதவாது. எஸ்பிஐ நான்ட் சிப்புகளுக்கு, அதாவது 25 வரிசை போலவே சில வயர்களில் பேசும் நான்டுக்கு, ஃப்ளாஷ்ராமுக்குப் பதில் எஸ்நான்டர் என்ற நிரல் வேண்டும். அந்தச் சிப்புகளில் பல வெளியே நீட்டாத கால்களோடு வருவதால் கிளிப் கவ்வாது. டபிள்யூ25கியூ64எஃப்டபிள்யூ போல 1.8 வோல்ட்டில் ஓடும் சிப்புகளை 1.8 வோல்ட் அடாப்டர் இல்லாமல் தொடவே கூடாது. ஆகவே வாங்குமுன் ரவுட்டரைத் திறந்து சிப்பின் பெயரைப் படித்துவிடுங்கள். வாங்கிய பிறகு பொருந்தவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டவர்கள்.

வீட்டில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி சும்மா கிடந்தால் இதை வாங்கவே வேண்டாம். அதன் எஸ்பிஐ கால்கள் பிறவியிலேயே 3.3 வோல்ட். 19, 21, 23, 24 கால்களை முறையே சிப்பின் 5, 2, 6, 1-க்கும், 25-ஐ 4-க்கும், 17-ஐ 8-க்கும் கொடுத்து, சிப்பின் 3, 7 கால்களையும் 3.3 வோல்ட்டோடு சேர்த்தால் அதே ஃப்ளாஷ்ராம் அங்கேயும் ஓடும். வயர் ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கட்டும்.

விலை பார்த்தால், ஒரே ஒரு 841என்-ஐ எழுப்புவதற்காக இந்த செட்டை வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது; 4 எம்பி ஃப்ளாஷ் உள்ள ரவுட்டருக்கு இனிப் புதிய ஃபர்ம்வேரும் வரப்போவதில்லை. 16 எம்பி சிப் உள்ள ஆர்ச்சர் சி7, ஷாவ்மி 4ஏ கிகாபிட் போன்றவை வைத்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றிப் பழகுகிறவர்களுக்கு இது மேசையில் இருக்க வேண்டிய பொருள், தயங்காமல் வாங்கலாம். திருத்தாத கருப்புப் பலகைக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. 28-ஆம் காலைத் தூக்கிய அதே பலகைக்கு நான்கு. பாக்கெட்டில் வரும் கிளிப்புக்கு ஒன்றரை.

வாங்கிவிட்டீர்கள் என்றால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரின் சிப்பை இன்றே ஒரு முறை முழுதாகப் படித்து, கோப்பின் பெயரில் மாடல், பதிப்பு, மேக் முகவரியின் கடைசி நான்கு எழுத்து மூன்றையும் எழுதிச் சேமித்து வையுங்கள். கரண்ட் போகும் நாளில் மேலே சொன்ன தையல் வேலை எதுவும் வேண்டாம். அந்தக் கோப்பைத் திரும்ப எழுதினால் ரவுட்டர் பழைய பாஸ்வேர்டோடு எழுந்து நிற்கும்.